முப்பத்தேழாவது தகவல்

அநியாயம் செய்யப்பட்டவள் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் அக்கா, பிறகு நீங்கள் குழம்பக் கூடாது. நான் எழுதியது உண்மை. அதைப் பொய் என்று கையெழுத்துப் போட்டு, பல்கலைக்கழகப் பீடாதிபதிக்கு, டீன் என்பார்களே, அவருக்குக் கடிதம் கொடுத்தவள் திலகேஸ்வரி. வேறு யாரோ இல்லை, மூன்று வருடமாக விடுதியில் என் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள். இன்றைக்குப் பொய்க்காரி என்ற பெயர் எனக்கு. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து விவாதத்தில் கிண்ணம் வாங்கிய மதுராங்கிக்கு!

இந்தப் பையைக் கொஞ்சம் உங்கள் பக்கம் வைக்கட்டுமா? நசியக் கூடாது. நன்றி. நீங்கள் சென்னைதானே? பேச்சில் தெரிகிறது. நான் யாழ்ப்பாணம், படிப்பது கொழும்பில். இப்போது ஹட்டனில்தான் இந்த ரயிலில் ஏறினேன். கொழும்பு போய்ச் சேர ஐந்து மணித்தியாலம் ஆகும், கதைத்துக்கொண்டே போகலாம்.

போனில் என்ன வாசிக்கிறீர்கள்? 'இலங்கை பற்றிய சுவையான இருபது தகவல்கள்.' காட்டுங்கள் பார்ப்போம். தேசிய விளையாட்டு கிரிக்கெட்டாம். பிழை அக்கா. கரப்பந்தாட்டம், உங்கள் ஊர்க் கைப்பந்து. இங்கே இருப்பவர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. உலகத்தின் முதல் பெண் பிரதமர், அறுபதாம் ஆண்டு. சரி. கறுவாப் பட்டை, சரி. ஒரே மலை உச்சியில் ஒரே பாதச் சுவடு. புத்தருடையது என்று பௌத்தர்கள் ஏறுவார்கள், சிவனுடையது என்று நாங்கள் ஏறுவோம், ஆதமுடையது என்று முஸ்லிம்கள் ஏறுவார்கள். அதுவும் சரி. ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தொன்றிலேயே ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை. சரி, ஆனால் அடுத்த வரி எங்கே? சுதந்திரம் கிடைத்த கையோடு, இந்த மலையில் தேயிலை பறித்த லட்சக்கணக்கான தமிழர்களின் குடியுரிமையைப் பறித்தார்களே, அது எங்கே? உங்கள் இருபதில் இல்லை. யாருடைய இருபதிலும் இருக்காது. எனக்கு இதுதான் ஆத்திரம். யானை வரும், திமிங்கிலம் வரும், மனிசர் மட்டும் வர மாட்டார்கள்.

அதோ, கொழுந்து பறிக்கிறார்கள். படம் எடுக்கிறீர்களா? எடுங்கள், எடுங்கள். எல்லோரும்தான் எடுக்கிறார்கள். அவர்கள் நிமிர்ந்தும் பார்க்க மாட்டார்கள்.

விடயத்துக்கு வருகிறேன். போன வருடம் எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு மாநாடு. பல நாடுகளிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு புத்தகம் வேண்டும் என்று விவாத மன்றத்திடம் கேட்டார்கள். 'எங்கள் தீவு: ஐம்பது தகவல்கள்.' மூன்று மொழியில். நான்தான் ஆசிரியர். எனக்கு உதவிக்குக் கண்டிப் பக்கம் அக்குறணை ஊர்ப் பிள்ளை ஒருத்தி, ஷஹாமா. நல்ல பிள்ளை, ஆனால் எதற்கும் பயம். முதல் கூட்டத்தில் ஆளாளுக்கு யானை, முத்து, மாணிக்கம் என்று அடுக்கினார்கள். நான் எழுந்து சொன்னேன்: "கடையில விக்கிற வாழ்த்து அட்டைக்கே தகவல் சேர்க்கிறியள்? ஐம்பதில ஒண்டெண்டாலும் படிக்கிறவனைக் குத்த வேணும்." யாரும் மறுத்துப் பேசவில்லை. நான் கதைத்தால் பெரும்பாலும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

அந்த ஒன்று எனக்குக் கிடைத்தது திலகாவிடமிருந்து.

திலகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்துப் பிள்ளை. அவளுடைய தோட்டத்துக்கு இரண்டு பெயர். வரைபடத்தில் உள்ளது ஸ்கொட்லாந்துக்காரன் எவனோ தன் ஊர் நினைப்பில் வைத்துவிட்டுப் போன பெயர். அதை இப்போது நான் சொல்ல மாட்டேன், நானும் கவனமாக இருக்கப் பழகிவிட்டேன். மற்றது அங்குள்ள சனம் சொல்லும் பெயர், கல்தொட்டித் தோட்டம். இந்த மலைநாட்டில் அநேகமாக எல்லாத் தோட்டத்துக்கும் இப்படி இரட்டைப் பெயர்தான். அந்தத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் பெண் இவள். தகப்பன் இல்லை. தாய் அன்னலெட்சுமி, தோட்டத்துத் தொழிற்சாலையில், ஸ்டோர் என்பார்கள், அங்கே சல்லடை வேலை. தேயிலையைத் தரம் தரமாகச் சலித்துப் பிரிக்கும் வேலை.

நான் பேதம் பார்ப்பவள் இல்லை அக்கா. அவளுடைய கோப்பையிலேயே தேநீர் குடித்திருக்கிறேன். இதை நான் யாரிடமும் பெருமையாகச் சொல்வதுகூட இல்லை.

அந்தத் தேநீர்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். ஒவ்வொரு விடுமுறை முடிந்தும் அவள் பால்மா டின் ஒன்றில் கொஞ்சம் தேயிலை கொண்டுவருவாள். ஒரு மழைப் பின்னேரம் ஊற்றித் தந்தாள். அப்படி ஒரு நிறம், அப்படி ஒரு வாசம்! எங்கள் வீட்டில் வெளிநாட்டிலிருந்து வரும் மாமாவுக்குக்கூட அப்படி ஊற்றியதில்லை. "எங்கை வாங்கினது?" என்று கேட்டேன். சிரித்தாள். "வாங்குறதா? எங்கம்மா தலைத்துணியக் கேளு" என்றாள்.

தொழிற்சாலையில் வேலை செய்கிற சனத்துக்குக் கொடுப்பது அடியில் மிஞ்சும் தூள். நல்லது எல்லாம் பெட்டியில் ஏறிக் கப்பலுக்குப் போய்விடும். வேலை முடிந்து வெளியே வரும்போது வாசலில் காவல்காரன் சோதிப்பான். பையைப் பார்ப்பான், மடியை உதறச் சொல்வான். ஆனால் பெண்கள் தலையில் கட்டியிருக்கும் துணியை மட்டும் அவிழ்க்கச் சொல்ல மாட்டான். எழுதாத ஒரு மரியாதை. யார் தொடங்கினது, எப்போது தொடங்கினது என்று ஒருவருக்கும் தெரியாது. அன்னலெட்சுமி அம்மா, மகள் விடுமுறை முடிந்து திரும்பும் வாரத்தில் மட்டும், அந்தத் துணி மடிப்பில் ஒரு பிடி கொண்டுவருவார். ஒரு பிடி. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை நல்ல தேத்தண்ணி குடிக்கட்டும் என்று.

 என் ஐம்பதில் குத்துகிற ஒன்று இதுதான் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

எழுதும்போது விபரம் துல்லியமாக இருக்க வேண்டும் அல்லவா? நான் ஊகித்து எழுதுகிறவள் இல்லை. அப்போது அவள் விடுமுறையில் வீட்டில் இருந்தாள். வாட்ஸ்அப்பில் கேட்டேன், அந்தத் தலைத்துணிக் கதையை இன்னொருமுறை விபரமாகச் சொல்லு என்று. எதற்கு என்று அவள் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை. குரல் செய்தி அனுப்பினாள். இரண்டு நிமிடம். பின்னால் தாயின் சிரிப்பும் கேட்கும். "அடியே, அதெல்லாம் என்னாத்துக்குடி சொல்லுற?" என்பார் தாய். "மதுராங்கிதாம்மா கேக்குறா, வேற யாரு" என்பாள் இவள். "அந்தப் புள்ளயா? சரி சரி. அடுத்த லீவுக்கு அந்தப் புள்ளைக்கும் ஒரு பிடி குடுத்துவுடுறேன்னு சொல்லு" என்பார் தாய். பிறகு இருவரும் சிரிப்பார்கள். இப்போதும் போனில் இருக்கிறது. போடட்டுமா? வேண்டாமா? சரி.

தாயின் பெயரை நான் எழுதவே இல்லை, கவனியுங்கள். தோட்டத்தின் உத்தியோகப் பெயரையும் எழுதவில்லை. கல்தொட்டி என்றுதான் போட்டேன். வரைபடத்தில் இல்லாத பெயர், யாருக்குத் தெரியப் போகிறது? இவ்வளவு பொறுப்பாக எழுதிய என்னைத்தான் பொறுப்பில்லாதவள் என்றார்கள். வரி வரியாக எனக்கு மனப்பாடம், கேளுங்கள்:

'37. உலகம் விரும்பிக் குடிக்கும் தேநீரைத் தயாரிக்கும் பெண்கள் அதைக் குடிப்பதில்லை. அவர்களுக்குக் கிடைப்பது மிஞ்சிய தூள். கல்தொட்டித் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தாய், அங்கிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் சென்ற தன் மகளுக்காக, ஒவ்வொரு விடுமுறையிலும் ஒரு பிடி நல்ல தேயிலையைத் தலைத்துணியில் மறைத்து எடுத்து வருகிறாள்.'

எப்படி? குத்துகிறதா?

ஷஹாமா வாசித்துவிட்டுப் பேனையைக் கடித்துக்கொண்டு இருந்தாள். "மது, திலகாக்கிட்ட கேட்டீங்களா? அவட உம்மாட வேலைக்கு ஏதும் வராதா?" என்றாள். "பெயரே இல்லையே" என்றேன். "முதன்முதலா கெம்பஸ் வந்த மகள் எண்டு ஈக்கே. அப்படி எத்தன பேர் அங்க?" என்றாள். அந்த வரியை எடுத்துவிடலாமாம். எடுத்தால் என்ன மிஞ்சும் சொல்லுங்கள்! அந்த வரியில்தானே முழு உயிரும் இருக்கிறது. "ஷஹாமா, நீர் பயந்து பயந்து எழுதினால் யானையும் கறுவாவும்தான் மிஞ்சும்" என்றேன். அவள் சிங்களப் பக்கங்களைத் திருத்தப் போய்விட்டாள்.

புத்தகம் நன்றாகப் போனது. ஜெர்மனிப் பிள்ளை ஒருத்தி முப்பத்தேழை வாசித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதாள் அக்கா! இணையத்திலும் போட்டோம். ஒரே வாரத்தில் எங்கெல்லாமோ பகிர்ந்தார்கள்.

தோட்டத்துக்கும் போனது. போட்டுக்கொடுத்தவன் எதிரி ஒருவனும் இல்லை, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், 'நம்ம தோட்டத்தப் பத்திப் பல்கலைக்கழகப் புத்தகத்துல!' என்று சந்தோசத்தில் அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் பள்ளிக்கூடப் பலகையில் ஒட்டியிருக்கிறார். ஒருநாள் முழுக்க சனம் வந்து வந்து வாசித்துப் பெருமைப்பட்டதாம். அன்னலெட்சுமி அம்மாவுக்கு வாசிப்பு அவ்வளவாக வராது. பலகைக்கு முன்னால் நின்று, இதில் எந்த இடத்தில் நான் இருக்கிறேன் என்று பிள்ளைகளிடம் கேட்டாராம். அவர்கள் விரலை வைத்துக் காட்டினார்களாம்.

மறுநாள் காலை பிரட்டுக் களத்தில், அதுதான் வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடம், தோட்டத்து ஆப்பீசின் பெரிய கிளாக்கர் அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவரை மட்டும் தனியாக நிற்கச் சொன்னார். வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை.

செய்தி கேட்டு ஊருக்கு ஓடின திலகா, திரும்பி ரயிலிலிருந்து இறங்கிப் பையோடு நேரே என்னிடம்தான் வந்தாள். சிற்றுண்டிச்சாலையில் இருந்தோம். அவள் தேநீர்கூடக் கேட்கவில்லை.

"ஒரே ஒரு வரி எழுதிக் குடு மது. கற்பனைன்னு."

"கற்பனை இல்லையே."

"தெரியும்டி. நான்தானே சொன்னேன்."

"அப்ப நான் ஏன் பொய் எழுத வேணும்?"

"தோட்டத்துத் தொரையே சொல்லிட்டாரு. எழுதுன புள்ளக்கிட்டருந்து கதைதான்னு ஒரு கடிதம் வாங்கிட்டு வா, விட்டுறலாம்னு. அவருக்கும் இத இழுக்க விருப்பம் இல்ல. ஒரு வரிதான்."

நான் அவளை இருத்தி வைத்து விளக்கினேன். இதில் பிரச்சினையே நீ இதை எப்படிப் பார்க்கிறாய் என்பதுதான் என்றேன். நூற்றைம்பது வருடமாக இந்த மலையை உண்டாக்கிய சனம் ஒரு பிடி தேயிலை எடுத்தால் அது களவு இல்லை, உரிமை என்றேன். உன்ர அம்மா அந்த விசாரணையில் நிமிர்ந்து நிண்டு, ஓம் எடுத்தனான் எண்டு சொல்ல வேணும் என்றேன். சொன்னால் நாடு முழுக்கக் கேட்கும் என்றேன். உப்பு, காந்தி, எல்லாம் சொன்னேன். நாற்பது நிமிடம். அவள் ஒன்றுக்கும் எதிர்வாதம் வைக்கவில்லை. விவாதத்தில் அப்படி என்றால் ஏற்றுக்கொண்டதாகத்தான் கணக்கு.

"உன்ர அம்மா ஒரு வீராங்கனை திலகா, உனக்கு விளங்கேல்லையே?"

"எங்கம்மாவுக்கு அந்த வேல வேணாம் மது. சல்லட வேலயே போதும்."

அதற்குப் பிறகு அவள் கேட்டாள், "ஒங்க வீட்டுல யாராவது இப்படி மாட்டியிருந்தா எழுதிக் குடுப்பதானே?" என்று. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ர அம்மா பள்ளிக்கூட அதிபர். அவ களவெடுக்க மாட்டா" என்றேன். வாய் தவறி வந்த சொல் அக்கா. நாற்பது நிமிடம் நான் சொன்ன நல்லது ஒன்றையும் அவள் எடுக்கவில்லை, இந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு எழும்பிப் போனாள். சனத்தின் இயல்பு.

போனவள் பீடாதிபதிக்குக் கடிதம் எழுதினாள். தான் அப்படி எதுவும் சொன்னதில்லை, மதுராங்கி சோடித்து எழுதியது என்று. கையெழுத்து, திகதி, பதிவிலக்கம், எல்லாம் போட்டு. எழுத்தில்!

பீடாதிபதி என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, ஒரு சின்னத் திருத்தம் போட்டுவிட்டால் விடயம் முடிஞ்சுது" என்றார். "சின்னத் திருத்தமா சேர்? என்னைப் பொய்க்காரி எண்டு நானே ஒப்புக்கொள்ளுற திருத்தம்." "அந்தத் தாய்க்கு வேலை மிஞ்சுமே பிள்ளை." "உண்மை என்ன ஆகும் சேர்?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். பதில் இல்லாதவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்வார்கள். ஷஹாமா வெளியே காத்துக்கொண்டு நின்றாள். "போட்டுருங்க மது, அந்த உம்மாட மொகத்தப் பாத்தாவது" என்று கையைப் பிடித்தாள். முகம் பார்த்து எழுதுவதற்கு நான் என்ன ஜாதகமா எழுதுகிறேன்?

நான் சும்மா இருக்கவில்லை. வியாழக்கிழமை பின்னேரமே ஒரு மின்னஞ்சல் எழுதினேன். பீடாதிபதிக்கும், தோட்டத்து முகாமையாளரான அந்தத் துரைக்கும், கொழும்பில் இருக்கிற கம்பனித் தலைமையகத்துக்கும் ஒன்றாக. ஐந்து பக்கம் அக்கா! இருபத்துமூன்று அடிக்குறிப்பு. இது ஏன் களவு ஆகாது என்று வரலாறு, சட்டம், அறம், மூன்று வழியாலும் நிறுவியிருந்தேன். படித்த எவனும் அதைப் படித்துவிட்டு அந்த அம்மாவைத் தண்டிக்க முடியாது. நான் சோடிக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக அந்தக் குரல் செய்தியையும் இணைத்தேன். வெள்ளிக்கிழமை விசாரணைக்கு முன்னமே கிடைக்க வேண்டும் என்று அவசரம் அவசரமாக அனுப்பினேன். அவர்களுக்காகத்தான் அந்த அவசரம், எனக்காக இல்லை.

அந்த ஐந்து பக்கத்தையும் ஒருத்தரும் திறக்கவில்லை. குரல் செய்தியை மட்டும் போட்டிருக்கிறார்கள். விசாரணை மேசையில் போனை வைத்து, அன்னலெட்சுமி அம்மாவின் சிரிப்பை அன்னலெட்சுமி அம்மாவுக்கே போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அடுத்த லீவுக்கு அந்தப் புள்ளைக்கும் ஒரு பிடி குடுத்துவுடுறேன் என்று வருகிறதல்லவா, அந்த இடத்தை மட்டும் மூன்று தரம். இனியும் எடுப்பேன் என்று தானே சொல்கிறார், இதற்கு மேல் என்ன என்றார்களாம். வேலை போனது. என் வாதத்தை வாசிக்காமல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள், பாருங்கள் இந்த நாட்டின் இலட்சணத்தை.

இதில் இன்னொரு தகவல் இருக்கிறது, உங்கள் இருபதில் இல்லாதது. லயத்தில், அதுதான் தொழிலாளர்களின் நீள வரிசை வீட்டில், இருக்கிற காம்பரா, அதாவது ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, அது அவர்களுடையது இல்லை. தோட்டத்துடையது. வீட்டில் யாராவது ஒருவர் தோட்டத்தில் வேலை செய்தால்தான் அறை. அன்னலெட்சுமி அம்மாவுக்கு வேலை போனதும் அறையை விடச் சொன்னார்கள். ஒரு மாதத் தவணை. வேறு யார் இருக்கிறார்கள்? திலகா பெயர் பதிந்துவிட்டாள். கொழுந்து பறிக்க.

இறுதி வருடம் அக்கா! நாலு மாதம்தான் மிச்சம். எங்கள் ஆண்டு மாணவர்களில் முதல் வகுப்பு எடுக்கக்கூடிய இரண்டு பேரில் ஒருத்தி. மற்றது நான். இப்போது நான் மட்டும்தான். ஒரு வாடகை அறை பார்த்து, ஒரு வழக்குப் போட்டு, பத்திரிகைக்கு ஒரு பேட்டி கொடுத்து, எவ்வளவோ செய்திருக்கலாம். பேட்டிக்குரிய கேள்விகளைக்கூட நான் தயாரித்து அனுப்பினேன். பதில் இல்லை. நான் இவ்வளவு செய்தும், ஒரு நன்றி வேண்டாம், ஒரு மன்னிப்பு வேண்டாமா? போனை எடுக்க மாட்டாள். நாலு கடிதம் போட்டேன். நாலிலும் ஒரே ஒரு கேள்வி: நான் எழுதியதில் எது பொய்? அதற்கு மட்டும் பதில் சொல்லு.

நாலுக்கும் பதில் வரவில்லை. ஆகவே நேரிலேயே போவது என்று முடிவெடுத்தேன். நேற்று ஹட்டன் வந்து தங்கி, இன்று காலை பஸ் பிடித்து, முச்சக்கர வண்டி பிடித்து, கடைசி இரண்டு மைல் நடந்தேன். சந்தியில் வழி கேட்க, கல்தொட்டி என்றதும் எல்லோரும் கையைக் காட்டினார்கள். வரைபடப் பெயரைச் சொன்னால் ஒருத்தருக்கும் விளங்கவில்லை. வேடிக்கைதான்.

லயத்துக்கு முன்னால் தண்ணீர்க் குழாய். குடத்தோடு ஒரு பெண் நின்றாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதான் அந்தப் புத்தகம் எழுதுன புள்ளயா?"

ஓம் என்றேன். எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது, இவ்வளவு தூரத்திலும் வாசகர் இருக்கிறார்களே என்று.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. ஒங்க புண்ணியத்துல ஸ்டோருல வேல செய்யிற பொம்பளைங்க அம்புட்டுப் பேரும் இப்ப வாசல்ல தலத்துணிய அவுத்து ஒதறிக் காட்டிட்டுத்தான் வெளிய வாறோம். மழ பேஞ்சாலும்."

நான் அவளுக்கு விளக்க முயன்றேன், அது நிர்வாகத்தின் அத்துமீறல், அதை எதிர்த்து நீங்கள் கூட்டாக எழுத வேண்டும் என்று. அவள் குடம் நிறைந்ததும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். என் சட்டையில் தண்ணீர் சிந்தியது. வேண்டுமென்றே இருக்காது.

அன்னலெட்சுமி அம்மா கதவடியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். முன்பு ஒருமுறை விடுதிக்கு வந்தபோது 'வா புள்ள' என்று கன்னத்தைத் தடவியவர். இன்றைக்கு, "வாங்க. உக்காருங்க" என்றார். உள்ளே போய் ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்தார். வெறும் சுடுதண்ணீர்.

"தேயில இல்லீங்க. வீட்டுல வச்சிருந்தா கேள்வி வருது."

குடித்தேன். மலைக் குளிருக்கு நல்லதுதான்.

மத்தியானம் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டுத் திலகா வந்தாள். இடுப்பில் பனி, மழைக்குக் கட்டும் படங்குச் சாக்கு, தலையில் துணி. அடையாளமே தெரியவில்லை எனக்கு. கணுக்காலில் அட்டை கடித்து இரத்தம் வடிந்தது. அவள் என்னைப் பார்த்தாள், திடுக்கிடவில்லை, வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. குந்தி இருந்து காலைக் கழுவினாள்.

"என்ர கடிதம் கிடைச்சதோ?" என்றேன்.

"கெடச்சிச்சு. எங்களுக்குக் கடுதாசி தோட்டத்து ஆப்பீசுக்குத்தான் வரும். அங்க ஒடச்சு வாசிச்சிட்டுத்தான் குடுத்தாங்க. நாலையும்."

"சரி. அப்ப பதில்?"

"இன்னும் இருவது நிமிசத்துல மலைக்கிப் போகணும்" என்றாள். தட்டில் இரண்டு ரொட்டியும் சம்பலும் வைத்துச் சாப்பிடத் தொடங்கினாள்.

நான் விடவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு விடலாமா? பீடாதிபதிக்கு அவள் எழுதிய கடிதத்தின் நகலைப் பையிலிருந்து எடுத்து மடிப்பைப் பிரித்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். வரி வரியாக வாசித்தேன். 'சோடித்து எழுதியது' என்ற இடத்தில் நிறுத்தினேன். "நீ இப்ப ஆரிட்டையும் சொல்லத் தேவையில்லை. ஆப்பீசுக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்கு மட்டும் சொல்லு. நான் எழுதினதில எது பொய்?"

அவள் ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டாள்.

"ஒரு சொல்லு திலகா. எது பொய்? அவ்வளவுதான் எனக்கு வேணும்."

அவள் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். இடையில் அன்னலெட்சுமி அம்மா எழும்பிப் போனதை நான் கவனிக்கவில்லை. எங்கே போனார் என்று அவள் நிமிர்ந்து தேடினாள், நானும் பார்த்தேன். சந்திக் கடைக்குப் போயிருக்கிறார். போக இரண்டு மைல், வர இரண்டு மைல் என்றுதானே நினைப்பீர்கள்? அவர்களுக்குக் குறுக்குப் பாதை இருக்கிறது, செங்குத்தான படிக்கட்டு. மூச்சு வாங்க வாங்க வந்தார். திலகா அதற்குள் சாக்கைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

அவர் கையில் இருந்ததுதான் இந்தப் பை. பாருங்கள், பிரிக்காத பக்கெட். நல்ல தேயிலை, முதல் தரம். வேலை போன வீட்டில் இதற்கு எங்கிருந்து காசு எடுத்தாரோ தெரியாது. மனதில் கோபம் இருந்தால் ஒருவர் இப்படிப் படியிறங்கிப் போய்ப் பரிசு வாங்கி வருவாரா? நீங்களே சொல்லுங்கள். அதனால்தான் சொல்கிறேன், நான் செய்தது சரி என்று உள்ளுக்குள் அவர்களுக்கும் தெரியும். வாய் திறந்து சொல்லத்தான் இத்தனை மாதம் எடுத்தது. மகள் சொல்லாததைத் தாய் சொன்னார். நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை, எப்போதும் போல அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். இரண்டு கையாலும் இதை என்னிடம் நீட்டிக்கொண்டு சொன்னார்:

"எதுவும் பொய்யில்லீங்க. ஒங்களுக்கு ஒரு பிடி குடுத்துவுடுறேன்னு நான் சொன்னேன்ல, அதுவும் பொய்யாகக் கூடாது. இது கடையில காசு குடுத்து வாங்குனது. பில்லு உள்ளயே இருக்கு. வழியில யாராச்சும் நிப்பாட்டிக் கேட்டா காட்டுங்க."